போனை அணைத்துவிட்டு வா!

சூப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்ற எதையும் நிம்மதியாகச் சொல்ல முடியாது. கோழி சூப். மேலே பொட்டுப் பொட்டாக மஞ்சள் கொழுப்பு, அடியில் வட்ட வட்டமாகக் கேரட், நடுவில் எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை. மட்ஸா பால் (ball) என்கிறார்கள். புளிக்காத ரொட்டியைப் பொடித்து, முட்டையும் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, உருட்டிக் கொதிநீரில் போட்டு எடுப்பது. செய்தவர் கைப்பக்குவம் உள்ளவர் என்றால் கரண்டி பட்டதுமே பிரிந்துகொடுக்கும். வெளியே டிசம்பர் மாதத்துக் காற்று காதை அறுக்கிறது. உள்ளே மேசைக்கு மேசை மாணவர் கூட்டம், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவர் கையிலும் போன் இல்லை. முதல் வாய் உள்ளே இறங்கியதும் நான் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டேன். மிளகு மட்டும் போதாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

இடம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரம். யேல் பல்கலைக்கழகம். 80, வால் தெரு என்ற முகவரியில் இருக்கும் ஜோசஃப் ஸ்லிஃப்கா யூத வாழ்வு மையம். எல்லாரும் சுருக்கமாக ஸ்லிஃப்கா என்பார்கள். 1995-ல் திறந்த கட்டடம். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்காக இயங்கும் ஹில்லெல் அமைப்பு 1923-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் யேல் கிளைக்கும் இதுதான் வீடு. பிரார்த்தனை அறைகள், நூலகம், கீழே யூத உணவு விதிப்படி சமைக்கும் கோஷர் சாப்பாட்டுக்கூடம். யூதர் அல்லாதவர்களும் சாப்பாட்டுக்கு மட்டும் வந்துபோவது உண்டு. நானும் அப்படி மத்தியானங்களில் வந்து போனவள்தான். ஆனால் யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளான ஷபாத் வேறு. அது தெரியாமல் இத்தனை நாள் பக்கத்துத் தெருவிலேயே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

என் ஆய்வகத் தோழி ஒருத்தி வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். வாரம் முழுக்க ராத்திரி பதினோரு மணிவரை ஆய்வகத்தில் கிடப்பவள், வெள்ளி மட்டும் கறாராகப் பையைக் கட்டிவிடுவாள். சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னால் மெழுகுவத்தி ஏற்றியாக வேண்டும் என்பது வழக்கம். ஜூன் மாதமென்றால் எட்டு மணிவரை நேரம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்த ஓட்டத்தை வாரா வாரம் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் நானும் வரட்டுமா என்று கேட்டேன். "தாராளமா வா. ஆனா சாப்பிட்டுட்டு ஓடாதே. முழு ஷபாத்தும் இரு. போனை அணைச்சுட்டு வா" என்றாள்.

முழு ஷபாத் என்றால் வெள்ளி அஸ்தமனத்திலிருந்து சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும் வரை. சுமார் 25 மணி நேரம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். "ஒரு நாள் பூரா போன் இல்லாம அப்படி என்னடி கோயில்?" என்றாள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

நாங்கள் போனது அவளும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு. மூன்று மணிக்கு அங்கே நடந்த அமர்க்களத்தைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தி குளியலறை விளக்கைப் போட்டுவிட்டு சுவிட்ச் மேல் பட்டையாக டேப் ஒட்டுகிறாள். விருந்தாளிகள் பழக்கதோஷத்தில் அணைத்துவிடக் கூடாதாம். அணைந்தால் நாளை இரவுவரை இருட்டுதான், மறுபடி போட முடியாது. இன்னொருத்தன் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டு அந்தச் சின்ன பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கதவைத் திறக்கும்போது அது எரிந்தால் விளக்கேற்றியதாக ஆகிவிடும். கூடத்து விளக்குக்கு டைமர் வைத்தாயிற்று. வெந்நீர்க் கொதிகலனை நிரப்பிச் சூட்டில் போட்டாயிற்று. கழிவறையில் காகிதச் சுருளுக்குப் பதிலாகத் தனித்தனித் தாளாக வரும் டிஷ்யூ பெட்டி, ஏனென்றால் கோடு பார்த்துக் கிழிப்பதும் வேலைக்கணக்கில் வரும். சமையல் மேடைமேல் ஒரு பெரிய மின்பானையில் பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி எல்லாம் ஒன்றாகப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

இரண்டாம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மிஷ்னா என்ற யூத சட்டத் தொகுப்பு, ஷபாத்தில் செய்யக்கூடாத வேலைகளை 39 வகையாகப் பிரித்துவைத்திருக்கிறது. உழுவது, விதைப்பது, அரைப்பது, பிசைவது, நெய்வது, இரண்டெழுத்து எழுதுவது, எழுதியதை அழிப்பது, தீ மூட்டுவது, தீயை அணைப்பது, பொருளை வெளியே தூக்கிப்போவது. பாலைவனத்தில் கூடாரக் கோயிலைக் கட்டத் தேவைப்பட்ட வேலைகள் இவை என்பது மரபு. உடல் அலுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாற்காலியை வீட்டுக்குள் பத்து தடவை தூக்கலாம், ஒரு பட்டனை அமுக்கக்கூடாது. புதிதாக ஒன்றை உண்டாக்குவதையும் உலகத்தை மாற்றுவதையும் ஒரு நாள் நிறுத்துவது என்பதுதான் கணக்கு. புத்தகத்தில் படித்தபோது எனக்கு இது ஒரு கூடாதுகளின் பட்டியலாகத்தான் தெரிந்தது. டேப் ஒட்டுவதையும் பல்பு கழற்றுவதையும் கண்ணால் பார்த்தபோதுதான் விஷயமே வேறு என்று பட்டது. அடடா, எவ்வளவு யோசித்து ஒரு நாளைக் கட்டுகிறார்கள்! ஒவ்வொரு 'கூடாது'வும் ஒரு சுவர். சுவர் எழுப்பினால்தானே உள்ளே உட்கார இடம் கிடைக்கும்?

மெழுகுவத்திகளை ஏற்றிய பெண்கள் சுடரை மூன்று முறை கையால் தங்கள் பக்கம் வாரிக்கொண்டு, கண்ணைப் பொத்தி மந்திரம் சொன்னார்கள். கண்ணைத் திறந்ததும் எல்லாரும் எல்லாரையும் பார்த்து "ஷபாத் ஷலோம்!" அந்த நொடியோடு கடைசிநேரப் பரபரப்பு நின்றுவிடுகிறது. செய்யாமல் விட்டது விட்டதுதான். காய்கறி வேகவைக்க மறந்தாயா, போகட்டும். ஆய்வுக் கட்டுரையில் கடைசிப் பத்தி பாக்கியா, அது ஞாயிறு வரை காத்திருக்கும்.

அங்கிருந்து ஸ்லிஃப்காவுக்குப் போனோம். அங்கே வெள்ளிக்கிழமை மாலை ஒரே கட்டடத்தில் வெவ்வேறு பிரார்த்தனைகள் நடக்கின்றன. ஆர்த்தடாக்ஸ் பிரார்த்தனையில் ஆணும் பெண்ணும் நடுவே தடுப்பு வைத்துத் தனித்தனியே நிற்கிறார்கள். கன்சர்வேடிவ் மரபினர் கலந்து நிற்கிறார்கள், பெண்களும் நடத்துகிறார்கள். ரிஃபார்ம் மரபினர் கிதார் வாசிக்கிறார்கள், ஆர்த்தடாக்ஸ்காரர்களுக்கு ஷபாத்தில் வாத்தியமே ஆகாது. ஊருக்குள் என்றால் இவர்கள் வெவ்வேறு ஆலயங்களுக்குப் போய், வாழ்நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்க்காமலே இருந்துவிடலாம். இங்கே பிரார்த்தனை முடிந்ததும் எல்லாரும் ஒரே படியில் இறங்கி ஒரே சாப்பாட்டுக்கூடத்துக்கு வருகிறார்கள். மாணவப் பருவத்தில் மட்டும் கிடைக்கிற பாக்கியம் இது என்று தோழி சொன்னாள். பட்டம் வாங்கிப் போனவர்கள் இதற்காகவே ஏங்குவார்களாம்.

நான் அவளோடு ஆர்த்தடாக்ஸ் பக்கம் நின்றேன். எபிரேயம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பக்கத்திலிருந்தவள் சத்தமில்லாமல் என் கைப்புத்தகத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பி (வலமிருந்து இடம் அல்லவா) சரியான பக்கத்தில் விரலை வைத்துக் கொடுத்தாள். சங்கீதங்கள் ஒவ்வொன்றாக வேகமெடுத்தன. பிறகு 'லெகா தோதி' என்ற பாட்டு வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் கலிலேயாவின் ஸஃபேத் ஊரில் ஷ்லோமோ அல்காபெட்ஸ் எழுதியது. செய்யுள்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் அவர் பெயர் வரும். ஷபாத்தை மணப்பெண்ணாகப் பாவித்து எதிர்கொண்டழைக்கும் பாட்டு. கடைசிச் செய்யுளில் கூட்டம் முழுவதும் விருட்டென்று வாசல் பக்கம் திரும்பி, இந்தப் பக்கம் ஒரு வணக்கம், அந்தப் பக்கம் ஒரு வணக்கம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சரியாக அந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு தாமதமாக உள்ளே வந்த ஒரு முதலாமாண்டுப் பையன், ஒரு கூடமே தன்னை வணங்குவதைப் பார்த்துத் திகைத்து நின்றான். சிரிப்பை அடக்கப் பலரும் பட்ட பாடு இருக்கிறதே!

சாப்பாட்டுக்கூடத்தில் கார்டு தேய்ப்பது இல்லை. பெயரை முன்பே கொடுத்திருக்க வேண்டும். மேசை நடுவில் துணி போர்த்திய இரண்டு ரொட்டிகள். ஹல்லா. பின்னல் போட்டு, முட்டை பூசிச் சுட்ட, பளபளவென்று பழுத்த நிறத்தில் இருக்கும் ரொட்டி. ஏன் இரண்டு? வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா விழுந்த காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பங்கு விழுந்ததாம். ஏன் துணி? முதலில் திராட்சரசக் கிண்ணத்துக்குத்தான் மந்திரம், அதைப் பார்த்து ரொட்டி மனம் நோகக்கூடாதே என்பதற்காகவாம்! ரொட்டியின் மனசைப் பற்றிக் கவலைப்படுகிற ஜனங்களை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்? 21 வயது நிரம்பாத மாணவர்கள் நிறைய இருக்கும் இடமாதலால் எங்கள் மேசைக் கிண்ணத்தில் ஒயின் இல்லை, திராட்சைச் சாறு.

அடுத்து நடப்பதை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கையில் மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். கழுவிய நிமிடத்திலிருந்து ரொட்டியை வாயில் போடும்வரை பேசக்கூடாது. நிறுத்தாமல் பேசுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் யேல் மாணவர்கள், சட்டக் கல்லூரிக்காரர்கள் உட்பட, வரிசையாக வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்கிறார்கள். புருவத்தாலும் கையாலும் ஜாடை. 'உப்பு எங்கே?' என்பதற்கு ஒருத்தி செய்த அபிநயம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு மூலையில் யாரோ வாய் திறக்காமல் ராகம் முனக, மேசை மேசையாக அது பரவுகிறது. ஹல்லாவைப் பிய்த்து உப்பில் தொட்டு ஆளுக்கொரு துண்டு போய்ச் சேர்ந்ததும், அணை திறந்த மாதிரி கூடம் முழுக்கப் பேச்சு.

கோஷர் சமையற்கட்டில் பாலும் இறைச்சியும் சேராது. பாத்திரம் தனி, கரண்டி தனி, கழுவும் தொட்டிகூடத் தனி. இதைக் கேட்டு அமெரிக்க நண்பர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கோ இது புதிதாகவே இல்லை. சோற்றுப் பானையைத் தொட்ட கையால் மோரைத் தொட்டால் "பத்து! பத்து!" என்று அலறும் பாட்டியிடம் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா? கறி சாப்பிட்ட பிறகு பால் சேர்த்த எதுவும் கிடையாது என்பதால், இனிப்பு வகையறாவெல்லாம் வெண்ணெய் இல்லாமல் செய்தவை. சாக்லெட் கேக் அப்படியும் நன்றாகத்தான் இருந்தது. காபிக்குப் பால் இல்லாததுதான் கொஞ்சம் உறுத்தியது. கெஃபில்ட்டே ஃபிஷ் என்று ஒன்று வைத்தார்கள். மீனை அரைத்து வேகவைத்து ஆறவைத்த வில்லை, மேலே ஒரு கேரட் வட்டம், லேசான தித்திப்பு. மன்னிக்க வேண்டும், மீனுக்குத் தித்திப்பு எனக்கு ஒத்துவராது. ஆனால் அதற்குத் தொட்டுக்கொள்ள, பீட்ரூட் கலந்த ஹார்ஸ்ராடிஷ் துவையல் ஒன்று இருந்தது பாருங்கள்! கிழங்கைத் துருவியது, மூக்கின் உச்சிக்கு ஏறி மண்டைக்குள் மணி அடிக்கும் காரம். மற்றவர்கள் நுனிக்கரண்டியில் எடுத்தார்கள். நான் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

ஒரு மாணவி எழுந்து நின்று யூத வேதமான தோராவின் அந்த வாரத்துப் பகுதியைப் பற்றிப் பேசினாள். யோசேப்பு தன் அண்ணன்மார்களிடம் தன்னை யாரென்று உடனே சொல்லாமல் ஏன் அலைக்கழித்தான் என்பது கேள்வி. பழிவாங்கவில்லை, அவர்கள் திருந்தியிருக்கிறார்களா என்று சோதித்தான் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மூன்று மேசையிலிருந்து மறுப்பு. "அப்பா அங்கே அழுதுக்கிட்டு இருக்கார், இவன் இங்கே சோதனை நடத்துறானா?" என்று ஒருவன் கத்தினான். கைதட்டல். அவள் சளைக்கவில்லை. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தையதாகச் சொல்லப்படும் குடும்பச் சண்டையில் இன்றைக்கும் கட்சி பிரிந்து மல்லுக்கு நிற்கிறார்கள், சூப் ஆறுகிறது.

அப்புறம் பாட்டு. ஷபாத் சாப்பாட்டுக்கென்றே பாட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் குடும்பத்துக்கு ஒரு மெட்டு. எந்த மெட்டில் பாடுவது என்பதற்கே ஒரு குட்டித் தகராறு. மேசையைத் தட்டுகிறார்கள் என்றால் விரலால் தாளம் போடுவதல்ல, உள்ளங்கையால் தட்டுகள் துள்ளும்படி அறைகிறார்கள். இடையிடையே நிகூன் என்ற வகை வரும். சொல்லே கிடையாது, 'யா-ப-பம், ய-ப-ப-பம்' என்று ராகம் மட்டும். புதிதாக வந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மொழி தெரியவேண்டாம், மதம் தெரியவேண்டாம், வாயைத் திறந்தால் போதும். இரண்டாம் சுற்றிலேயே நான் உச்சஸ்தாயிக்குப் போய்விட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

சாப்பாட்டுக்குப் பிந்தைய நன்றிப் பிரார்த்தனைக்குச் சிறு சிறு கைப்புத்தகங்கள் கைமாறின. என் கைக்கு வந்ததன் அட்டையில் பொன்னெழுத்தில் ஒரு மணமக்கள் பெயரும் தேதியும். யாருடைய கல்யாணம் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பைக்குப் பதில் இதைக் கொடுப்பார்களாம். அவை வீடு வீடாகப் போய், பிள்ளைகளோடு விடுதிக்கு வந்து, கடைசியில் இப்படி ஒரு கூடைக்குள் சேர்ந்துவிடுகின்றன. நான் பிறப்பதற்கு முன் நடந்த ஏதோ ஒரு கல்யாணத்துக்கு நானும் ஒருவகையில் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

இரவு விடுதிப் பக்கம் போனபோது இன்னொரு வேடிக்கை. யேல் விடுதி வாசல்களெல்லாம் மின்னணு அட்டையில் திறப்பவை. அட்டையைக் காட்டுவது ஆர்த்தடாக்ஸ் மாணவர்களுக்கு ஆகாது. வேறு யாராவது போகும்போது கூடவே நுழையலாம் என்று ஒருவன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்காகத் திற என்று கேட்பதும் விதிப்படி சரியில்லை. "இன்னிக்குக் குளிர் அதிகம் இல்ல?" என்று மட்டும் என்னிடம் சொன்னான். எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே யாரையோ பார்க்கவேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு என் அட்டையை எடுத்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனோம்.

இந்தக் கெடுபிடிகளோடு பெரிய பதவிகளில் இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, யேல்காரர்கள் ஜோ லீபர்மனைக் காட்டுவார்கள். 1967-ல் இங்கே சட்டம் முடித்தவர், கனெக்டிகட்டின் செனட்டராக 24 ஆண்டு இருந்தவர், 2000-ல் துணை அதிபர் வேட்பாளர். ஷபாத்தன்று செனட்டில் வாக்கெடுப்பு வந்தால் காரில் ஏறாமல் நடந்தே போய்வருவார். பிறகு 2011-ல் ஷபாத்தைப் பற்றியே ஒரு புத்தகமும் எழுதினார்.

சனிக்கிழமை காலைப் பிரார்த்தனை நீளம். உண்மையைச் சொன்னால் நடுவில் கண் அசந்தது. ஆனால் தோரா வாசிப்பை விடக்கூடாது. தோல்சுருளில் உயிர்க்குறியும் கிடையாது, ராகக்குறியும் கிடையாது, வெறும் மெய்யெழுத்துகள். வாசிக்கும் மாணவன் வாரம் முழுக்க அதை மனப்பாடம் செய்திருக்கிறான். வெள்ளிக் குச்சியின் முனையில் ஒரு குட்டிக் கை, அதில் நீட்டிய ஆள்காட்டி விரல். அதை வரிமேல் நகர்த்திக்கொண்டே ராகமாக வாசிக்கிறான். இருபுறமும் காவல் மாதிரி இரண்டு பேர். ஓர் உச்சரிப்பு பிசகினால் போதும், அவர்களும் கூட்டமும் சேர்ந்து திருத்திவிடுகிறார்கள். அவன் கூச்சப்படாமல் பின்னால் போய்ச் சரியாக வாசித்துவிட்டு மேலே போகிறான்.

இப்போது அந்தப் பானை. சோலண்ட்! ஷபாத்தில் அடுப்பேற்றி சமைக்கக்கூடாது, ஆனால் சனிக்கிழமை மத்தியானம் சூடாகச் சாப்பிடவேண்டும். இந்தச் சிக்கலுக்கு யூத சமையல் கண்டுபிடித்த விடைதான் சோலண்ட். வெள்ளி மாலையே ஏற்றி, இரவு முழுக்க மெல்லிய சூட்டில் விட்டுவிடுகிறார்கள். பதினெட்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் பீன்ஸ் கரைந்திருக்கும், பார்லி குழைந்திருக்கும், இறைச்சி நார் நாராகப் பிரியும், உருளைக்கிழங்கு உள்வரை பழுப்பேறியிருக்கும். ஸ்பெயின், வட ஆப்பிரிக்க வழிவந்த யூதர்கள் இதே பானையில் ஓட்டோடு முட்டையைப் போட்டுவைப்பார்களாம், அது வெந்து உள்ளேயே காப்பி நிறமாகிவிடும். பார்ப்பதற்கு லட்சணமான பதார்த்தம் இல்லை, படம் எடுத்து யாரும் போடமாட்டார்கள். ஆனால் அந்த வாசனை! காலையில் அந்த வீட்டில் கண்விழித்ததே அதனால்தான். இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஷபாத் மத்தியானம் தூங்குவதை ஏன் புண்ணியமாகவே வைத்திருக்கிறார்கள் என்பது அதன்பிறகு தானாக விளங்கியது.

தூங்கி எழுந்தால் பொழுது கிடக்கிறது, கிடக்கிறது, தீரவே மாட்டேன் என்கிறது. தொலைபேசி இல்லாத மத்தியானத்துக்கு எவ்வளவு நீளம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நாலு பேர் ஸ்கிராபிள் ஆடினார்கள். எழுதக்கூடாதே, மதிப்பெண் எப்படி? ஆளுக்கொரு தடித்த புத்தகம். நூற்றுப் பன்னிரண்டு என்றால் 112-ஆம் பக்கத்தில் அடையாள நாடா. டீ போடுவதற்கும் ஒரு சாஸ்திரம். கொதிகலனிலிருந்து ஒரு கோப்பையில் வெந்நீர் பிடித்து, அதை வேறொரு கோப்பைக்கு மாற்றிச் சூட்டைத் தணித்து, பிறகே டீப்பை. நேரடியாகக் கொதிநீரில் போட்டால் சமையல் ஆகிவிடும். ஒரு மூலையில் இரண்டு பேர் தல்மூத் என்ற சட்ட விவாத நூலை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரே வரிக்கு ஒரு மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜோடி சேர்ந்துதான் படிக்கவேண்டுமாம். யாராவது மறுத்துப் பேசினால்தான் மூளை வேலை செய்யும் என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள்.

இஸ்ரேல் பற்றிய பேச்சு வராதா என்று கேட்பீர்கள். வந்தது. ஒரே சோபாவில் நேரெதிர்க் கருத்துள்ள இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குரல் உயர்ந்தது, ஒருத்திக்குக் கண் கலங்கியது, பூசி மெழுகி யாரும் சமாதானம் செய்யவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவுமில்லை. எழுந்து போய் என்ன செய்வது, போனில் மூழ்கவா முடியும்? கால் மணி நேரம் கழித்து அதே இருவரும் ஒரு கேக்கை எப்படிப் பங்கிடுவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் வளாகத்தைச் சுற்றி நடந்தோம். பையில் சாவியோடு நடக்கலாமா என்றால், இங்கே நடக்கலாம். மின்கம்பங்களையும் கம்பிகளையும் கோத்து 'எருவ்' என்று ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் தெருவெல்லாம் யூத சட்டப்படி ஒரே வீட்டுக் கணக்கு. வாராவாரம் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்து வைக்கிறார்கள். எத்தனையோ தடவை அந்தக் கம்பிக்குக் கீழே நடந்திருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை.

யேலின் சின்னத்தை அன்றுதான் நின்று பார்த்தேன். லத்தீன் வாசகத்துக்கு மேலே திறந்த புத்தகம், அதில் 'ஊரிம், தும்மிம்' என்று எபிரேய எழுத்து. 1778 முதல் 1795 வரை தலைவராக இருந்த எஸ்ரா ஸ்டைல்ஸுக்கு எபிரேயத்தின் மேல் அப்படியொரு பித்து. நியூபோர்ட் ஊருக்கு வந்த ரபி (யூத மதகுரு) காரிகாலிடம் நட்புக்கொண்டு கற்றார், முதலாமாண்டு மாணவர்களுக்கெல்லாம் கட்டாயப் பாடமாக்கினார். பையன்களுக்குக் கசந்ததால் பிறகு விருப்பப் பாடமாக்க வேண்டிவந்தது. ஆனால் பாருங்கள், எபிரேயத்தைச் சின்னத்தில் பொறித்த இதே யேல், 1920-கள் தொடங்கி 1960-களின் தொடக்கம்வரை யூத மாணவர் எண்ணிக்கை பத்து சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டது. மொழி வேண்டும், ஆள் வேண்டாம். அந்தக் கதை தெரிந்தவர்களுக்கு, வளாகத்தின் நடுவிலேயே விளக்கெரியும் ஸ்லிஃப்கா சாதாரணக் கட்டடமாகத் தெரியாது.

இதில் நம்மூரும் இருக்கிறது. யேல் என்ற பெயரே சென்னையிலிருந்து வந்ததுதானே. புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்து சொத்துக் குவித்த எலிஹு யேல், 1718-ல் அனுப்பிய சரக்குப் பொதிகளை விற்றுத்தான் இந்தக் கல்லூரி நிமிர்ந்தது. அவரோடு வாழ்ந்த ஹீரோனிமா டி பைவா, சென்னையில் இறந்துபோன ஒரு யூத வைர வணிகரின் மனைவி. அங்கிருந்து வைரம் ஏற்றி, பதிலுக்குப் பவழம் இறக்கிய அந்த வணிகர்களின் நினைவுதான் ஜார்ஜ் டவுனின் பவழக்காரத் தெரு. 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களிலும் யூத வணிகர்கள் உண்டு. இதை நடந்துகொண்டே தோழியிடம் சொன்னதும் அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அப்போ அந்தக் காலத்து மெட்ராஸ்ல யாராவது ஷபாத் மெழுகுவத்தி ஏத்தியிருப்பாங்க!" என்றாள். ஏற்றியிருப்பார்கள்தான்.

மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஹவ்தலா, ஷபாத்தை வழியனுப்பும் சடங்கு. பின்னிய மெழுகுவத்தி, பல திரி ஒன்றாக எரியும். கிண்ணத்தில் சாறு விளிம்பு வழிய. கிராம்பும் பட்டையும் அடைத்த சின்ன டப்பியை ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுபோகிறார்கள். எல்லாரும் விரலை மடக்கி நகத்தில் சுடர் பளபளப்பதைப் பார்க்கிறார்கள். பிறகு சுடரைச் சாற்றில் முக்கி அணைத்து, தோளில் கைபோட்டு "ஷவுவா தோவ்" என்று ஆட்டம். அடுத்த நிமிடம் போன்கள் உயிர்பெற்று டிங் டிங் டிங்! என் போனில் அம்மாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக. "சொல்லிட்டுத்தானே போனேன்?" என்றால், "சொன்னே, ஆனா நிஜமாவே எடுக்காம இருப்பேன்னு யார் கண்டா?" என்கிறாள்.

நியூ ஹேவன் பக்கம் உங்கள் பிள்ளைகளோ நண்பர்களோ படித்தால், கண்டிப்பாகப் போகச் சொல்லுங்கள். வேறு பல்கலைக்கழகமென்றால் அங்கே ஹில்லெல் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். விருந்தாளியை வரவேற்பது இவர்களுக்குக் கடமை. கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டில் சமைத்ததை எடுத்துப்போக வேண்டாம், கோஷர் கணக்கு குழம்பிவிடும். பூ வாங்கினால் அஸ்தமனத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். படம் எடுக்கக் கூடாது. பாடத் தெரிந்தவர்கள் சத்தமான மேசையாகப் பார்த்து உட்காரலாம், பாடத் தெரியாதவர்கள் கண்டிப்பாக அங்கேதான் உட்கார வேண்டும். வருவதாக இருந்தால் வாரத்தின் நடுவிலேயே சொல்லிவையுங்கள். வெள்ளிக்கிழமை இருட்டியபிறகு அழைத்தால் எடுக்க ஆள் இருக்காது.